‘இன்டர்’ என்றால் இடையில்

“டீச்சர், நான் நல்லதுதானே செய்தேன்? அவள் எதற்கு என்னைத் திட்டுகிறாள்?”

இசக்கிராஜா இதைக் கைகளால் கேட்டான். அமலி டீச்சருக்குக் காது கேட்காது. அவர் பேசுவதும் பாடம் நடத்துவதும் சண்டை போடுவதும் எல்லாம் கைகளால்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே அவருடைய வகுப்பு. காது கேளாத பட்டதாரிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார். காது கேட்கிறவன் அங்கே இசக்கிராஜா ஒருவன்தான். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலை தேடி அலுத்துப் போய், சைகை மொழிபெயர்ப்பாளன் ஆகலாம் என்று டீச்சரிடம் வந்து சேர்ந்திருந்தான். டீச்சர் அவனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அதனால் அவருக்குப் பயப்படுவது முதலில் அவனுக்கே வினோதமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

“என்ன செய்தாய்?” என்று டீச்சர் கேட்டார்.

“உலகம்மாளை இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போனேன்.”

“தெரியும். வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கா திட்டினாள்?”

இசக்கிராஜா நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பதற்றம் வந்தால் அவனுக்கு முதலில் நெற்றிதான் வியர்க்கும்.

உலகம்மாளுக்கும் காது கேட்காது. பல் செட்டு செய்கிறவள். மெழுகில் பல்லைச் செதுக்கினால் அசல் பல்லே தோற்றுப்போகும். லேப் முதலாளி பால்ராஜ் அவள் செய்த மாதிரிப் பல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். மதுரையில் பார்த்த வேலையை ஏன் விட்டாய்?

“அவள் என்ன சொன்னாள்?” என்று கேட்டார் டீச்சர்.

“சூப்பர்வைசர் கேலி செய்தார், அவருடைய சாப்பாட்டு டப்பாவில், பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றிவிட்டேன், அதனால் அனுப்பிவிட்டார்கள் என்றாள்.”

டீச்சரின் உதடு லேசாக அசைந்தது. “நீ என்ன சொன்னாய்?”

“அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் ஊருக்கு வந்துவிட்டாள் என்று சொன்னேன்.”

டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதலாளி, ‘ஐயோ பாவம்’ என்றார். அவ்வளவுதான் டீச்சர், வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்துவிட்டாள். ‘நான் சொன்னதற்கு ஒரு மனுஷன் முகம் சுளிக்கலாம், சிரிக்கலாம். இரக்கப்பட மாட்டான். நீ என்ன சொன்னாய்?’ என்று கேட்டாள். சொன்னேன். அப்போது ஆரம்பித்தவள்தான். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.”

“என்ன சொல்லித் திட்டினாள்?”

“‘உயிரோடு நன்றாக இருக்கிற என் அம்மாவை எதற்குப் படுக்க வைத்தாய்?’ என்றாள்.”

டீச்சர் இப்போது சிரித்தேவிட்டார்.

“பிறகு, ‘நாளைக்கு முதலாளி, உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுதிக் கேட்டால் நான் என்ன எழுதுவேன்? நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே தெரியாத இடத்தில் எப்படிப் போய் உட்காருவேன்? போக மாட்டேன்’ என்கிறாள். அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், டீச்சர், மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று. இப்போது போகாமல் இருந்தால்? நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் செய்தது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

சுவரில் இருந்த விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. யாரோ வாசலில் பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கே அழைப்பு மணி அப்படித்தான். மாணவர்கள் வந்துவிட்டார்கள்.

“வகுப்புக்கு நேரமாகிவிட்டது. உட்கார்” என்றார் டீச்சர்.

அன்றைய பாடத்துக்குக் கரும்பலகையில் ஆங்கிலச் சொற்கள் வரிசையாக இருந்தன. இன்டரப்ட். இன்டர்ஃபியர். இன்டர்வீன். இன்டர்செப்ட். கடைசியில், இசக்கிராஜா ஆக விரும்பும் இன்டர்ப்ரிட்டர்.

“எல்லாவற்றுக்கும் தலை ஒன்றுதான். இன்டர். லத்தீன் மொழியிலிருந்து வந்தது. இடையில் என்று பொருள். பின்பாதிதான் வித்தியாசம்” என்றார் டீச்சர்.

இரண்டு பேரை முன்னால் அழைத்து எதிரெதிரே நிறுத்தினார். ஏதாவது பேசுங்கள் என்றார். அவர்கள் முந்தின நாள் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். டீச்சர் அவர்களுக்கு நடுவே போய் நின்றார். ஒருவர் கை மற்றவருக்குத் தெரியவில்லை. பிரியாணி பாதியில் நின்றது.

“இன்டரப்ட். பின்பாதிக்கு உடைப்பது என்று பொருள்.”

மறுபடியும் பேசச் சொன்னார். ஒருவன் கையைத் தூக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தார். அவன் சிரித்துக்கொண்டே கையை உதறினான்.

“இன்டர்ஃபியர். பின்பாதி, அடிப்பது.”

பிறகு ஒருவனை மற்றவன்மேல் கையை ஓங்கச் சொன்னார். ஓங்கிய கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

“இன்டர்வீன். பின்பாதி, வருவது.”

கடைசியாக ஒருவன் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, எதிரே இருப்பவனிடம் எறியச் சொன்னார். எறிந்தான். டீச்சர் நடுவில் எட்டிப் பிடித்துக்கொண்டார். சாக்பீஸைத் தன் பைக்குள் போட்டார். பையிலிருந்து ஒரு டாஃபியை எடுத்து எதிரே இருந்தவனிடம் கொடுத்தார்.

வாங்கினவனுக்கு ஒரே சந்தோஷம். எறிந்தவனைப் பார்த்து நன்றி சொன்னான்.

எறிந்தவன், “டேய், நான் உனக்கு டாஃபியே தரவில்லை” என்றான்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது.

“இன்டர்செப்ட். பின்பாதி, பிடிப்பது” என்றார் டீச்சர்.

முன் வரிசையில் ஒரு பெண் கடைசிச் சொல்லைக் காட்டினாள். “இன்டர்ப்ரிட்டர்? அதற்குப் பின்பாதி என்ன?”

“அது மட்டும் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. சிலர் தரகு வேலை என்கிறார்கள். அகராதி எழுதுகிறவர்களே ஊகமாகத்தான் சொல்கிறார்கள்.”

“அப்படியென்றால் நடுவில் நிற்பது மட்டும்தான் உறுதி” என்றாள் அவள்.

டீச்சர் தலையாட்டினார். பிறகு இசக்கிராஜா பக்கம் திரும்பினார்.

“நீ செய்தது இதில் எது?”

அவன் யோசிக்கவே இல்லை. “இன்டர்வீன். உதவிக்குத்தானே நடுவில் வந்தேன்.”

சரி என்றோ தப்பு என்றோ டீச்சர் சொல்லவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடைக்கு வா” என்றார்.

மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஞாயிறுதோறும் காது கேளாதவர்கள் கூடுவார்கள். வெளியூரிலிருந்தும் வருவார்கள். கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் பேச்சு. கை காலியாக இருக்க வேண்டுமே. அதனால் அந்தக் கடையில் டீ பெரும்பாலும் ஆறித்தான் போகும். கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை.

இசக்கிராஜா போனபோது நல்ல கூட்டம். உலகம்மாளும் இருந்தாள். அவனைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

வகுப்பில் டீச்சர் அவனுக்காக நிதானமாகப் பேசுவார். இங்கே யாருக்கும் அந்தக் கவலை இல்லை. கைகள் பறந்தன. அவனுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது.

ஆனால் ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஒருவர் விரல்களால் நெற்றியைத் துடைத்துக் காட்டினார்.

அது அவன் பெயர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகையைப் பெயராக வைப்பார்கள். வியர்வையைப் பார்த்து அவனுக்கு வைத்தது அது.

அவனைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொருவரும் நெற்றியைத் துடைத்தார். முகத்தைச் சுளித்தார். கையை வெட்டுகிறமாதிரி வீசினார். மூன்றாமவர் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உலகம்மாள் சிரிக்கவில்லை. அவள் ஏதோ வேகமாகச் சொன்னாள். என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுடைய முதுகுதான் தெரிந்தது.

இசக்கிராஜா டீச்சரின் தோளைத் தொட்டான். “என்ன பேசுகிறார்கள்?”

“ஒன்றுமில்லை.”

“என் பெயர் வந்ததே.”

“உன் முயற்சியைப் பாராட்டுகிறார்கள்.”

“அதற்கா அவர் முகத்தை அப்படிச் சுளித்தார்?”

“அவர் முகமே அப்படித்தான். டீயைக் குடி.”

மறுபடியும் நெற்றி. மறுபடியும் சிரிப்பு. அவன் டீச்சரைப் பார்த்தான்.

“அப்புறம் சொல்கிறேன்” என்றார் டீச்சர்.

அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்தான். என்ன செய்வது என்று தெரியாமல் கிளாஸைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடியும் எடுத்தான். இத்தனை பேர் நடுவில், தன்னைப் பற்றிய பேச்சில் தான் மட்டும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் டீச்சருக்குப் பின்னாலேயே ஓடினான். தெருவிளக்கின் கீழே அவர் முன்னால் போய் நின்றான்.

“டீச்சர், உண்மையைச் சொல்லுங்கள். என்ன பேசினார்கள்?”

“எதற்கு? தெரிந்தால் உனக்கு வருத்தமாக இருக்கும். உன் நல்லதுக்குத்தான்…”

“என் வருத்தத்தை நான் பட்டுக்கொள்கிறேன். என்னைப் பற்றிப் பேசியது எனக்குத்தானே சேர வேண்டும்? நடுவில் நீங்கள் யார், எடுத்து வைத்துக்கொள்ள…”

கை பாதியில் நின்றது.

ஒரு ஆட்டோ அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. டிரைவர் ஏதோ கத்தினான். டீச்சருக்கு அது கேட்கவில்லை. இசக்கிராஜாவுக்கும் கேட்கவில்லை.

“இன்டர்வீன் இல்லை” என்றான். “டாஃபி.”

டீச்சர் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்று, டீக்கடையில் பேசியதை ஒன்று விடாமல் சொன்னார். இவனைக் கூட்டிப் போனால் நமக்குப் பதிலாக இவனே பேசிவிட்டு வருகிறான் என்று ஒருவர் சொன்னார். இனிமேல் எங்கேயும் கூட்டிப் போகக் கூடாது என்றார் இன்னொருவர். அடுத்த தடவை இவனையே வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றார் மூன்றாமவர். எல்லாரும் சிரித்தது அதற்குத்தான்.

அவன் நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினான். அது தன் பெயர் என்று நினைவு வந்து கையைக் கீழே விட்டான்.

“உலகம்மாள் என்ன சொன்னாள்?”

“இன்னொரு தடவை கூட்டிப் போய்ப் பார்க்கலாம் என்றாள். புதிதாக ஒருத்தனைப் பிடித்துப் பழக்க அவளுக்குப் பொறுமை இல்லையாம்.”

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. ஓர் ஆளை அனுப்பி, ஒரு வாரம் தள்ளி வருவதாகப் பால்ராஜிடம் சொல்லச் செய்திருந்தாள். இசக்கிராஜா அவள் வீட்டுக்குப் போனான். அவளுடைய அம்மா நல்ல ஆரோக்கியமாக, தெருக்குழாயில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“போய் உண்மையைச் சொல்லிவிடலாம்” என்றான் உலகம்மாளிடம்.

“சொல்லலாம்.”

“வேலை போய்விட்டால்?”

“போனால் என் கையால் போகட்டும். உன் வாயால் கிடைத்தது எனக்கு வேண்டாம்.”

அவன் டீச்சரிடம் போய், நீங்களும் வாருங்கள் என்று கெஞ்சினான்.

“நான் வந்தால் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவீர்கள். போன தடவை எங்கே உட்கார்ந்தாய்?”

“உலகம்மாள் பக்கத்தில்.”

“பெண்ணைக் கூட்டி வந்த அண்ணன் மாதிரி. இந்தத் தடவை முதலாளி பக்கத்தில் உட்கார். அவள் தலையைத் திருப்பாமல் அவர் முகத்தையும் உன் கையையும் பார்க்க வேண்டும். அவள் கை ‘நான்’ என்றால் உன் வாயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அவள் கெட்ட வார்த்தை சொன்னால்?”

“நானும் சொல்ல வேண்டும்.”

“உன் நெற்றி வியர்த்தால்?”

“வியர்க்கட்டும்.”

“போய் வா” என்றார் டீச்சர்.

பால்ராஜ் இரண்டு பேரையும் பார்த்ததும், “வா தாயி, அம்மைக்கு இப்பம் எப்படி இருக்கு?” என்றார். கேட்டது உலகம்மாளை. பார்த்தது இசக்கிராஜாவை.

“சார், அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும்” என்றான் இசக்கிராஜா. சொல்லிக்கொண்டே கையாலும் காட்டினான். “அன்னைக்கு அவங்க சொன்னது வேற. நான் உங்ககிட்டச் சொன்னது வேற. அவங்க அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல.”

பால்ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னடே சொல்லுத? அப்பம் அன்னைக்கு என்கிட்டப் பேசுனது யாரு?”

“நான்தான் சார்.”

“இப்பம் பேசுறது?”

“இதுவும் நான்தான். இதுக்கப்புறம் அவங்க.”

அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பால்ராஜின் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். பால்ராஜ் சந்தேகத்தோடு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

“இது நல்ல கூத்தா இருக்கே. சரி, அந்தப் பிள்ள மதுரையில ஏன் வேலைய விட்டுச்சாம்? கேளு.”

அவன் கை அப்படியே சொன்னது. அந்தப் பிள்ளை மதுரையில் ஏன் வேலையை விட்டதாம், கேளு.

உலகம்மாள் புருவத்தை உயர்த்தினாள். இசக்கிராஜா வாய் திறந்தான்.

“எந்தப் பிள்ள? நானா?”

பால்ராஜ் திடுக்கிட்டார். “ஆமா… உன்னத்தான் தாயி.”

“அங்க ஒரு சூப்பர்வைசர். சிரிச்சா என் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அத எல்லாருக்கும் செஞ்சு காட்டுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. என்ன வேடிக்கைன்னு தெரியாம நானும் சேர்ந்து சிரிப்பேன்.”

இசக்கிராஜாவின் குரல் பிசிறடித்தது. அவன் நிறுத்தவில்லை.

“என்கூட வேலை பாத்த பிள்ள ஒருத்தி ஒருநாள் எனக்குப் புரிய வெச்சா. மறுநாள் அவரு சாப்பாட்டு டப்பாவுல பிளாஸ்டரக் கரைச்சு ஊத்திட்டேன்.”

லேப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“எந்தப் பிளாஸ்டரு?” என்றார் பால்ராஜ். “வெள்ளையா, மஞ்சளா?”

“மஞ்சள்.”

“மஞ்சளா! அது கல்லு மாதிரில்லா இறுகும்.”

“தயிர்சாதத்தச் சுத்தியல் வெச்சு உடைச்சுத்தான் எடுத்தாங்க.”

பால்ராஜின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று பக்கத்தில் இருந்த இசக்கிராஜாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிரே இருந்த உலகம்மாள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நாளைக்கு இங்கன எவனாவது அப்படிச் செஞ்சான்னா?” என்று கேட்டார். “என் டப்பாவுலயும் ஊத்துவியோ?”

“உங்ககிட்ட வந்து சொல்லுவேன். ஆனா எப்படிச் சொல்லுவேன்?”

“அதுக்கு என்ன? அதான் இந்தத் தம்பி இருக்காருல்லா?” பால்ராஜ் அவன் தொடையில் தட்டினார். “நீரு சொல்லும்வே. இருப்பீருல்லா?”

அவனுக்குத்தான் கேள்வி. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை அவள் கையில். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அவன் கைகளைத் தூக்கினான். இந்தத் தம்பி இருக்கிறார் அல்லவா, என்று தன்னையே சுட்டிக் காட்டி அவளுக்குச் சொன்னான். நீரு சொல்லும்வே, இருப்பீருல்லா, என்று அதையும் சொன்னான்.

உலகம்மாள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு பால்ராஜைப் பார்த்து, நிதானமாக, கையை நெஞ்சுக்கு நேரே வைத்துச் சொன்னாள்.

இசக்கிராஜாவின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

“திங்கக்கிழமை இவரு இருக்க மாட்டாரு” என்றான். “நானும் நீங்களுந்தான் இருப்போம்.”

பால்ராஜ் எழுந்தார். தன் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய், அவளுக்கு நேர் எதிரே, நடுவில் ஒன்றும் இல்லாமல் போட்டு உட்கார்ந்தார்.